மூன்றாவது வெள்ளை

பிப்ரவரி 3, செவ்வாய்

பதினேழாவது பின்னணியும் திரும்பி வந்துவிட்டது. "மஞ்சள் அடிக்குதும்மா." அவ்வளவுதான், வேறு விளக்கம் கிடையாது.

பெயின்ட் கடை ஒன்றுக்கு வலைப்பக்கம். கடைப் பெயர், டப்பாக்களின் படங்கள், போன் நம்பர், வழி காட்டும் வரைபடம் எல்லாம் டிசம்பரிலேயே முடிந்து, கடைக்காரரும் தலையாட்டிவிட்டார். மிச்சம் இருப்பது பக்கத்தின் பின்னணி நிறம் ஒன்றுதான். பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் கோப்பில் அது ஒரே ஒரு வரி. எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு. அதை மாற்றி, சேமித்து, இணைப்பை அவருக்கு அனுப்ப எனக்கு நாற்பது விநாடி போதும். அந்த நாற்பது விநாடி வேலை ஏழு வாரமாக நடக்கிறது.

அவர் கேட்பது வெள்ளை. வெறும் வெள்ளை இல்லை. நீலம் போட்டுத் துவைத்த சட்டை மாதிரி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு ஒரு துளி நீலம். ஆபீசில் அவருக்குக் கலர் ஐயா என்று பெயர் வைத்துவிட்டோம். முப்பது வருடமாகக் கண்ணால் பார்த்தே நிறம் கலக்கிறவராம். அவர் சொன்னால் யார் மறுத்துப் பேசுவது?

என் மேசைக்கு எதிரே வெள்ளைச் சுவர். திரையிலிருந்து கண்ணை எடுத்தால் மூன்று வருடமாக எனக்கு அதுதான் காட்சி. சந்தேகம் வந்தால் அதையே அளவாக வைத்துக்கொள்வேன். அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் பின்னணி நன்றாகவே நீலமாகத் தெரிகிறது. இவருக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது மஞ்சள்?

பிப்ரவரி 5

இருபது. மஞ்சள்.

பிப்ரவரி 9, திங்கள்

வந்துவிட்டது! வேலைக் கடிதம். எட்டு மணி நேர ரயில் தூரத்தில் பெரிய நிறுவனம். மார்ச் 9, காலை ஒன்பது மணிக்கு அசல் பட்டச் சான்றிதழுடன் நேரில் வர வேண்டும். நகல் ஏற்கப்படாது என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நான்கு முறை படித்தேன். கழிவறையில் போய் நின்று ஐந்தாம் முறை படித்தேன்.

அசல் சாருடைய மேசை இழுப்பறையில் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே வாங்கிப் பூட்டிக்கொண்டார். மூன்று வருட ஒப்பந்தம், போன மாதம் முடிந்தது. மதியம் போய்க் கேட்டேன். சார் கோபப்படும் முதலாளி இல்லை. கோபப்பட்டாலாவது நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசலாம்.

"தாராளமா போம்மா. உன்னை யாரு பிடிச்சு வச்சிருக்கா? கையில இருக்கற வேலையை முடிச்சுக் குடுத்துட்டுத்தான் போகணும்னு ஒப்பந்தத்துல ஒரு வரி இருக்கு பாரு, அதுதான். கலர் ஐயா ஓகேன்னு எழுதி அனுப்பட்டும், அன்னைக்கே எடுத்துத் தந்துடறேன்."

சொல்லும்போது சட்டைப் பையை ஒரு தட்டுத் தட்டினார். சாவி உள்ளேதான் இருக்கிறது. அந்த வரியும் இருக்கிறது, கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. இருபத்து மூன்று வயதில் வேலை கிடைத்த சந்தோஷத்தில் அதையெல்லாம் யார் படித்தார்கள்?

ஆக, இருபத்தெட்டு நாள் இருக்கிறது. ஒரு வெள்ளையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பிப்ரவரி 12, வியாழன்

நிறத்தை விட்டுவிட்டுப் படம் போடலாம் என்று ஒரு குறுக்கு யோசனை. கடை முகப்பின் புகைப்படத்தைப் பக்கம் முழுக்க நிரப்பினேன். கணினியில் ஜம்மென்று இருந்தது. போனில் திரை ஒடுக்கம் அல்லவா? இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டு, கடைப் பலகையின் நடு எழுத்து நாலும் வாசலில் நின்ற கலர் ஐயாவின் தொப்பையும் மட்டும் மிஞ்சின.

"ஏம்மா, நான் கடை வச்சிருக்கேனா, இல்ல வயிறு வச்சிருக்கேனா?" என்று போனில் கேட்டார். நல்லவேளை, சிரித்துக்கொண்டே.

பிறகு நெசவுத் துணி போல ஒரு சின்னத் துண்டுப் படம் செய்து, அதையே பக்கம் முழுக்க அடுக்கினேன். துண்டும் துண்டும் சேரும் இடத்தில் எல்லாம் கோடு தெரிந்தது. "குளிக்கிற ரூமுக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு" என்றார். பழையபடி வெள்ளைக்கே வந்துவிட்டோம்.

பிப்ரவரி 13

இருபத்தைந்து. மஞ்சள். பக்கத்து மேசைக்காரி ஒரு சாக்லேட்டை என் கீபோர்டின் மேல் வைத்துவிட்டுப் போனாள். எப்போதும் காதில் மாட்டியே இருப்பதால் அவளுக்கு ஹெட்போன் என்றே பெயர். அவளுடைய சான்றிதழும் அதே இழுப்பறையில்தான் இருக்கிறது. அவள் கேட்பதே இல்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

இன்று புதிய கூத்து. ஐயா மஞ்சள் மஞ்சள் என்று சொல்லச் சொல்ல நான் நீலத்தை ஏற்றிக்கொண்டே போனேனா? முப்பத்தொன்றாவதைப் பார்த்துவிட்டு "ம்ம், இப்பத்தான் பக்கத்துல வந்திருக்க" என்றார். முடிந்துவிடும் போலிருக்கிறதே என்று ரயில் நேரம் கூடப் பார்த்துவிட்டேன். அரை மணியில் அவர் மகள் கூப்பிட்டாள். கடையில் கணக்கு, போன், மெயில் எல்லாம் அவள்தான்.

"என்னங்க இது, பக்கமே நீல வாளியில முக்கி எடுத்த மாதிரி இருக்கு? பெயின்ட் கடைக்காரங்களுக்கு வெள்ளை தெரியலைன்னு சிரிக்க மாட்டாங்களா?"

நீலத்தைக் குறைத்தேன். ஐயா: மஞ்சள். ஏற்றினேன். மகள்: நீலம். இருவர் நடுவே ஒரு மூச்சுவிடும் இடம் இருக்கும் என்று மாலை வரை தேடினேன். இல்லை.

ஒரு சந்தேகம் வந்தது. போனில் கண்ணுக்கு இதமாக மஞ்சள் வெளிச்சம் தரும் வசதி ஒன்று உண்டே, அதைத் தெரியாமல் போட்டு வைத்திருப்பாரோ? மகளிடம் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு, அணைத்துத்தான் இருக்கிறது என்றாள். சொல்லிவிட்டு ஏனோ சட்டென்று போனை வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 20, வெள்ளி

வீட்டில் சண்டை. நானும் அம்மாவும் படுக்கும் அறையில்தான் அண்ணனின் துணி அலமாரியும் இருக்கிறது. கதவைத் தட்டும் வழக்கம் யாருக்கும் இல்லை. அண்ணி துணி எடுக்க வந்தவள் மேசையில் கிடந்த வேலைக் கடிதத்தைப் படித்துவிட்டாள். "போறதுன்னா போயேன், இங்க யாரு உன்னைப் பிடிச்சு வச்சிருக்கா?" என்றாள். சாரிடம் பயிற்சி எடுத்தவள் மாதிரி அதே வார்த்தை. அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அவ்வளவு தூரம் போய்த்தான் ஆகணுமா?" என்றாள்.

யாருமே பிடிச்சு வைக்கலையாம். அப்புறம் நான் ஏன் இங்கேயே கிடக்கேன்? எனக்குப் பைத்தியமா? ஒரு காகிதம். என் பேரு போட்ட காகிதம். படிச்சு வாங்கினது நான். அதை எடுக்க, எங்கேயோ இருக்கிற ஒரு மனுஷனுக்கு வெள்ளை வெள்ளையாத் தெரியணும். இதை வெளியில சொன்னா நம்புவாங்களா—

போதும்.

பிப்ரவரி 24, செவ்வாய்

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கடைக்கே போய்விட்டேன். என்னைப் பார்த்ததும் ஐயாவுக்கு ஒரே சந்தோஷம். உட்காரவைத்து டீ வரவழைத்தார். நிறமாதிரி அட்டைகளின் கட்டு ஒன்றைப் பிரித்து, அதில் ஒரு சதுரத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இதுதாம்மா நான் கேக்கறது. ஆனா பாரு, இந்த அட்டையும் மஞ்சளாப் போச்சு. மூணு தடவை கம்பெனியில சொல்லிப் புதுக் கட்டு வாங்கிட்டேன். எல்லாம் பழைய ஸ்டாக்கைத் தலையில கட்டறானுங்க."

கட்டின் பிளாஸ்டிக் உறை அன்றுதான் கிழிக்கப்பட்டு மேசையில் கிடந்தது. அட்டையைத் திரையோரம் பிடித்து, பழைய பின்னணிகளை ஒவ்வொன்றாக வரவழைத்தேன். மூன்றாவதில் அட்டையின் விளிம்பே காணாமல் போய்விட்டது. F3F8FC. டிசம்பர் 22 அன்று அனுப்பியது. அன்றே சரியாகத்தான் செய்திருக்கிறேன்.

நிமிர்ந்தபோது, கடைக்குள்ளே நிறம் கலக்கும் வேலையாள், கடையில் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், ஒரு டப்பாவின் மேல் குனிந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். ஐயா நாற்காலியில் இருந்தபடியே, "இன்னும் ரெண்டு சொட்டு நீலம் விடு" என்றார். அண்ணன் சாயப் புட்டியைச் சாய்த்தார், டப்பாவின் விளிம்பில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார், நிமிர்த்தினார். ஒரு சொட்டும் விழவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஆங், இப்ப சரி" என்றார் ஐயா.

தெருமுனை வரை அண்ணன் என் பின்னாலேயே வந்தார். "பாத்துட்டீங்க, இல்ல? ஒரு வருஷமா இப்படித்தாம்மா ஓடுது. கண்ணுல ஏதோ கோளாறு. பாப்பாவுக்கும் தெரியும். யாரு போய் அவர்கிட்ட சொல்றது? கண்ணுதாம்மா அவருக்கு எல்லாமே. நீங்களும் சொல்லிடாதீங்க."

பாப்பா என்றது அந்த மகளை. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. இந்த மனிதர் எந்த வெள்ளைக்கும் ஓகே சொல்லப்போவதில்லை.

பிப்ரவரி 26, வியாழன்

செய்துவிட்டேன்.

கஷ்டமே இல்லை. பக்கத்தின் முகவரியின் வாலில் ஒரு கேள்விக்குறியும் ஒரு எழுத்தும் சேர்த்தால் பின்னணி மட்டும் நீலமாக மாறும். சேர்க்காவிட்டால் மூன்றாவது வெள்ளை. வால் உள்ள முகவரி ஐயாவுக்கு, வால் இல்லாதது மகளுக்கும் ஊருக்கும். மொத்தம் ஆறு வரி. இதை முன்பே செய்திருந்தால் பிப்ரவரியையாவது நிம்மதியாகக் கழித்திருப்பேன்.

இது பொய்யா? அவர் கண்ணுக்கு ஏற்றதை அவருக்குக் காட்டுகிறேன். யாருக்கு என்ன நஷ்டம்? அந்த அண்ணன் ஒரு வருடமாக விரலால் தட்டுவதைத்தானே நான் ஆறு வரியில் செய்தேன்.

மகள் "நல்லா இருக்கு" என்றாள். ஐயா அழைத்தபோது குரலே மாறியிருந்தது. "இதும்மா! இதுதான்மா வெள்ளை! எழுதி வேணும்னா திங்கக்கிழமை கடைக்கு வா, மெயில் போட்டுடறேன்."

ஹெட்போனின் தோளைப் பிடித்து உலுக்கினேன். ரயில் டிக்கெட் எடுத்துவிட்டேன். மார்ச் 8, ஜன்னல் ஓரம்.

மார்ச் 2, திங்கள்

கடைக்குப் போனேன். ஐயா நாற்காலியில் இல்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு, நிறம் கலக்கும் இடத்தில் அவரே நின்றிருந்தார். பள்ளிக்கூடம் ஒன்றுக்கு இருநூறு டப்பா இளநீலமாம். அண்ணன் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்கிட்ட சொல்றதுக்கென்ன? கொஞ்ச நாளா எனக்கே என் கண்ணு மேல சந்தேகம்மா. தூக்கமே இல்ல. யார்கிட்டயும் சொல்லாம நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட நேரம் வாங்கி வச்சிருந்தேன். நீ போட்ட வெள்ளையைப் பாத்ததும்தான் உசுரு வந்துச்சு. கம்ப்யூட்டரே ஒத்துக்கிடுச்சுன்னா அப்புறம் என்ன? டாக்டர்கிட்ட வரலேன்னு சொல்லிட்டேன்."

சொட்டுச் சொட்டாக நீலம் விட்டுக்கொண்டே சிரித்தார். மகள் வெளியே போயிருந்தாள். நாளைக் காலை அவள் வந்ததும் மெயில் வந்துவிடும் என்றார். நான் சரிங்க ஐயா என்றேன். சரிங்க ஐயா என்றுதான் சொன்னேன்.

அதே நாள்

நாளைக்கு மெயில் வரும். மதியம் சான்றிதழ் என் கையில் இருக்கும். ஞாயிறு ரயில் ஏறிவிடுவேன். நான் ஒன்றுமே செய்ய வேண்டாம், சும்மா இருந்தாலே போதும்.

சும்மா இருக்க முடியலையே. டாக்டர்கிட்ட வரலேன்னு சொல்லிட்டாராமே.

மார்ச் 3, செவ்வாய்

கடை திறக்கும்போதே போய் நின்றேன். மகள் அப்போதுதான் கணினியை இயக்கினாள். லேப்டாப்பை மேசையில் வைத்து, இரண்டு பக்கங்களையும் அருகருகே திறந்தேன். இடது பக்கம் மூன்றாவது வெள்ளை. வலது பக்கம் ஆகாய நீலம்.

"ஐயா, இந்த ரெண்டுல எது வெள்ளை?"

குனிந்து பார்த்தார். "வலது பக்கம்தாம்மா. மஞ்சள் அடிக்கறதை எதுக்குத் திறந்து வச்சிருக்க?"

அவர் மகளைப் பார்த்தார், அவள் தரையைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தார்.

"அப்பா," என்றாள் மகள். "வலது பக்கம் இருக்கறது நீலம்."

வாலில் சேர்த்த எழுத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். சான்றிதழைப் பற்றியும், எதற்காக அப்படிச் செய்தேன் என்பதையும். டாக்டரிடம் போங்கள் ஐயா என்றும் சொன்னேன். அவர் லேப்டாப்பின் மூடியை மெதுவாகச் சாத்தி என் பக்கம் நகர்த்தினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"கிளம்பும்மா" என்றார்.

மெயில் வரவில்லை.

மார்ச் 9, திங்கள்

மணி ஒன்பது. அங்கே இப்போது என் பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள்.

மார்ச் 11

அவகாசம் கேட்டு எழுதியதற்குப் பதில் வந்தது. அந்த இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டார்களாம், வருங்காலத்துக்கு வாழ்த்தாம். சார் புது வேலை தந்தார். குழந்தைகள் மருத்துவமனை ஒன்றுக்கு வலைப்பக்கம், பின்னணியில் குமிழிகள் மிதக்க வேண்டுமாம். மிதக்கவிட்டுக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 19

கலர் ஐயா போனை எடுப்பதில்லை. மகளும் எடுப்பதில்லை. மெயில் வராதவரை வேலை முடியாத வேலை. முடியாதவரை இழுப்பறை திறக்காது. வேண்டுமென்றே யாரும் எனக்குக் கெடுதல் செய்யவில்லை. எல்லோரும் நல்லவர்கள். அதுதான் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

ஏப்ரல் 6, திங்கள்

இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாம் என்கிறார் சார். தாளை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். புதனுக்குள் கையெழுத்து. இம்முறை எல்லா வரியையும் படித்தேன். படித்துவிட்டும் பேனாவைத் தேடினேன். எதிரே சுவர். போட்டுத் தொலைத்துவிட்டால் என்ன?

ஏப்ரல் 8, புதன்

கை வலிக்கும் வரை எழுதப்போகிறேன்.

பதினோரு மணிக்குக் கதவு திறந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கலர் ஐயா, அவர் கையைப் பிடித்தபடி மகள். சார் எழுந்து ஓடி வந்தார். ஐயா அவரைத் தாண்டி நேராக என் மேசைக்கு வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றினார்.

"கண்புரையாம். ஒரு கண்ணு ஆபரேஷன் ஆயிடுச்சு, இன்னொண்ணு அடுத்த மாசம். எல்லாத்தையும் காட்டு. மொதல்லேர்ந்து."

ஒன்று காட்டினேன். உதட்டைப் பிதுக்கினார். இரண்டு. மூன்று.

"நிறுத்து." முகத்தைத் திரையருகே கொண்டுபோனார். "இதை எப்பம்மா போட்ட?"

"டிசம்பர்லயே ஐயா."

மீதியையும் பார்த்தே தீருவேன் என்றார். நாற்பத்தாறு வரை பார்த்தார். முப்பதைத் தாண்டியதும் தலையில் கைவைத்துக்கொண்டார். "என்ன கண்றாவிம்மா இதெல்லாம்?"

"நீங்க கேட்டதுதான் ஐயா."

மகள்தான் முதலில் சிரித்தாள், பிறகு அவரும். சிரித்து முடித்துக் கையிலிருந்த கண்ணாடியைத் துடைத்தார். "அன்னைக்கு உன்னை விரட்டினேன். ஏமாத்தினதும் நீ, வந்து சொன்னதும் நீ. எதுக்குக் கோவப்படறதுன்னே தெரியல. டாக்டர் சொன்னார், இன்னும் தள்ளிப் போட்டிருந்தா கஷ்டமாகியிருக்குமாம்." சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவர் எதிரே பார்த்தார். "ஏம்மா, ஒரு வெள்ளைக்காக இவ்வளவு பாடுபட்டியே, உன் எதிர்ல சுவத்தை இப்படி மஞ்சளா வச்சிருக்க?"

"அது வெள்ளைதானே ஐயா?"

சட்டைப் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து நீட்டினார். எழுந்து போய்ச் சுவரோடு சேர்த்துப் பிடித்தேன். சுவர் பழைய செய்தித்தாள் மாதிரி இருந்தது. மூன்று வருடம். என் கண்ணுக்கு எந்தக் கோளாறும் இல்லை. ஹெட்போன் எழுந்து வந்து பார்த்தாள், சாரும் வந்து பார்த்தார். "வெள்ளைதான் அடிச்சோம்..." என்று அவர் இழுத்தார்.

ஐயா தன் போனை எடுத்து, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி மெயில் அடித்தார். மூணாவது ஓகே. அனுப்பிவிட்டு, "இந்தப் பொண்ணோட பேப்பரைக் குடுத்துடுங்க, நான் இருந்து பாத்துட்டுப் போறேன்" என்றார் சாரிடம். சார் சட்டைப் பையைத் தடவினார். சாவி ஒரே திருப்பில் திறந்தது.

உறையை வாங்கும்போது அழுதுவிட்டேன், வெட்கமாக இருந்தது. என் பின்னால் ஹெட்போன் காதில் இருந்ததைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றாள். "சார், அப்படியே என்னோடதும்" என்றாள்.

புது ஒப்பந்தத் தாளைக் கையெழுத்துப் போடாமல் அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 14, ஞாயிறு

சாமான் எல்லாம் பிரித்து அடுக்கியாகிவிட்டது. அறை சின்னதுதான், ஆனால் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறது. நாளை முதல் வேலை, வேறொரு நிறுவனத்தில். அசலைப் பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்துவிடுவார்களாம், இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

அம்மா போன் செய்தாள். தண்ணீர் வருகிறதா, ஜன்னல் இருக்கிறதா, சுவருக்கு என்ன நிறம் அடித்திருக்கிறார்கள் என்று வரிசையாகக் கேட்டாள். வெள்ளை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இரும்மா, பாத்துச் சொல்றேன்" என்று பெட்டியில் ஐயா கொடுத்த அட்டையைத் தேடினேன்.